பம்பாய் சிஸ்டர் மறியலில் உட்கார்ந்திருந்த நாள்

செவ்வாய்க்கிழமை காலை, கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் மருந்துக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். கடைக்காரர் என் சர்க்கரை மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. கஸ்தூரி சிஸ்டரின் மகள். “மாமா, அம்மா போயிட்டாங்க” என்றாள். நேற்று சாயங்காலம்கூட டீவியில் ஏதோ பழைய இந்திப் படம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாராம். காலையில் காபி கொண்டுபோய் எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. மாத்திரையை வாங்காமலே மணலூர்பேட்டை பஸ்ஸில் ஏறிவிட்டேன் என்பது திருவண்ணாமலைச் சாலையில் திரும்பிய பிறகுதான் உறைத்தது.

கல்வராயன் மலையில் அவரிடம் பிரசவம் பார்த்துக்கொண்டவர்களுக்காகவும், அவரோடு வேலை பார்த்தவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். அவருடைய சிரிப்பு உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் வாழ்வில் ஒரு பகல் இருந்தது. அது உங்களில் பலருக்குத் தெரியாது. எழுதட்டுமா என்று ஒருமுறை கேட்டேன். “நான் போனப்பறம் எழுதிக்கோ தம்பி. உன்ன மட்டும் நல்லவனா எழுதிடாத” என்றார்.

கரியாலூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் செவிலியர், நான் மருந்தாளுநர். என்னைவிட ஆறு வயது மூத்தவர். அவருடைய அப்பா மணலூர்பேட்டைப் பக்கத்துக் காலனியிலிருந்து பம்பாய்க்குப் போய்ப் பஞ்சாலையில் வேலை செய்தவர். சிஸ்டர் பிறந்ததும் பள்ளிக்கூடம் போனதும் பம்பாயில்தான். அப்பா இறந்ததும் குடும்பம் ஊர் திரும்பியது. இங்கே வந்து நர்ஸிங் படித்தார். மலைக்கு மாற்றல் என்றால் மற்றவர்கள் ஆள் பிடித்து ரத்து செய்துகொள்வார்கள். இவர் பெட்டியோடு வந்து இறங்கினார். மலைமக்கள் அவருக்கு வைத்த பெயர் பம்பாய் சிஸ்டர்.

இந்திச் சிரிப்புப் படம் என்றால் அவருக்கு உயிர். கரியாலூரில் அப்போது டீவி கிடையாது. வார இறுதியில் மலையிறங்கி, கள்ளக்குறிச்சியில் உடன் படித்த தோழி வீட்டுக்குப் போய்விடுவார். ஊர்ச் சுவரெல்லாம் இந்தி ஒழிக என்று தாரால் எழுதியிருந்த காலம். இந்திப் படம் தொடங்கியதும் அந்த வீட்டுக்காரர் எழுந்து டீவியை அணைக்கப் போவார். சிஸ்டர் அவர் கையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சுவார். “அரே அண்ணா, பத்து நிமிஷம் பாருங்க. சிரிப்பு வரலன்னா அணைச்சிடுங்க.” அப்புறம் ஒவ்வொரு வசனத்தையும் அந்தக் கணமே தமிழாக்கிச் சொல்வார். சில மாதங்களில், சிஸ்டர் வராத வாரம் விளக்கம் சொல்ல ஆளில்லை என்று அந்த வீட்டில் இந்திப் படமே போடுவதில்லை. “சிரிக்கிறதுக்கு மொழி வேணாம்னு சொல்லுவாங்க. அது பொய்யி. விளக்கம் சொல்ல ஒரு ஆள் வேணும்” என்பார்.

சோகப் படம் போட்டால் எழுந்து பஸ் பிடித்துவிடுவார். சிரிப்புப் படத்தில் என்னதான் இருக்கிறது என்று கேட்டேன். “ஒருத்தன் ஒரு பொய் சொல்லுவான். அத காப்பாத்த இன்னும் பத்து பொய். கடைசில எல்லாரும் ஒரே வூட்டுல வந்து மாட்டிக்குவாங்க. ஆனா ஒருத்தனுக்கும் அடி படாது தம்பி. அதுதான் எனக்குப் புடிக்கும்.”

பிரசவ அறையிலும் அந்தக் கதைகள்தான் ஓடும். ஒருவன் பெண் பார்க்கப் போகிறான். வீடு தவறிப் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறான். அது சாவு வீடு. கையில் பூ, பழம். எல்லோரும் அழுகிறார்கள், இவனும் பயத்தில் அழுகிறான். செத்தவருக்கு இவ்வளவு வேண்டியவனா என்று அந்த வீட்டார் இவனைக் கட்டிக்கொள்கிறார்கள். இதை அவர் மலைப்பேச்சில், குரல் மாற்றி மாற்றிச் சொல்வார். வலி வரும்போது நிறுத்துவார், வலி விட்டதும் தொடர்வார். சினிமாவே பார்த்திராத பெண்கள், “அப்பறம் இன்னா ஆச்சி சிஸ்டரு?” என்று வியர்வையோடு கேட்பதை வெளியே மருந்து கட்டிக்கொண்டே கேட்டிருக்கிறேன்.

இன்னொரு பித்து கிரிக்கெட். அதிலும் பம்பாய்க்காரரான ஒரு தொடக்க ஆட்டக்காரர். அவருடைய படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டித் தடுப்பூசிப் பெட்டி மூடியின் உட்பக்கம் ஒட்டியிருந்தார். ரேடியோ வர்ணனை கொஞ்ச நேரம் ஆங்கிலத்திலும் கொஞ்ச நேரம் இந்தியிலும் வரும். இந்தி வந்ததும் நாங்கள் எல்லோரும் அவர் முகத்தைப் பார்ப்போம். எனக்கு அடித்து ஆடுகிறவர்களைத்தான் பிடிக்கும். உங்கள் ஆள் கட்டை போட்டுக்கொண்டே நிற்கிறாரே என்று சீண்டுவேன். “பந்து புதுசா இருக்கறப்ப எவன் நிக்கிறான்னு பாரு. ரன்னு அப்பறம் யார் வேணாலும் எடுக்கலாம்” என்பார்.

1987இல்தான் அந்த ஆட்டக்காரர் ஓய்வு பெறப்போகிறார் என்ற செய்தி வந்தது. அதே ஆண்டில்தான் எங்கள் பக்கம் இட ஒதுக்கீட்டுப் போராட்டமும் உச்சத்துக்கு வந்தது. போராடியது என் சமூகம். வடக்கனந்தலை ஒட்டிய என் ஊரில், என் பெரியண்ணன் கோவிந்தன் கொடி பிடித்து முன்னால் நின்றார். படித்துவிட்டு வேலையில்லாமல் ஏர் பின்னால் போனவர்கள் எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு பேர். கோரிக்கை நியாயமென்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். சிஸ்டரும் அதை மறுத்ததில்லை. “கேக்கறது தப்பில்ல தம்பி. ஆனா ரோட்ட மறிக்கிறவங்க எங்க வூட்டுக் கூரைய ஏன் பாக்கறாங்க?” என்று மட்டும் கேட்டார். அவருடைய அம்மா அந்தக் காலனியில் தனியாக இருந்தார்.

மறியல் தொடங்கிய சில நாள்களில் மலை தனித்தீவாகிவிட்டது. சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். பஸ் இல்லை, தபால் இல்லை. ஊருக்குப் போன டாக்டர் திரும்ப முடியவில்லை. ஒரு நாள் காலையில் சின்னபொண்ணு என்ற பெண்ணை டோலியில் தூக்கிவந்தார்கள். விடியும்போது வீட்டிலேயே குழந்தை பிறந்துவிட்டது. நஞ்சுக்கொடியும் விழுந்துவிட்டது. ஆனால் ரத்தம் நிற்கவில்லை. சிஸ்டர் இருந்த ஊசிகளைப் போட்டார், வயிற்றைத் தேய்த்தார், கொஞ்சம் குறையும், மறுபடி வரும். நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “கீழ போயே ஆவணும். மாணிக்கத்த வண்டி எடுக்கச் சொல்லு” என்றார்.

மாணிக்கம் எங்கள் ஜீப் டிரைவர். எடுக்க மாட்டேன் என்றார். அரசு வண்டி என்றால் கொளுத்துகிறார்கள், போலீஸ் வேறு வேறு வண்டிகளில் மறைந்து வருகிறது என்று ஒரு பேச்சு பரவியிருந்தது. சிஸ்டர் அவரிடம் வாதாடவில்லை. போய் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு மாணிக்கம் சாவியைப் போட்டார். குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, சின்னபொண்ணின் கணவன் பின்னால் ஏறினான். நான் குளுக்கோஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மலைச்சாலை முழுக்க ஓர் ஆளைக்கூடக் காணோம். கோமுகி அணையைத் தாண்டி, வடக்கனந்தலுக்கு முன்னால் ஒரு திருப்பத்தில் பெரிய புளியமரம் குறுக்கே கிடந்தது. நாற்பது ஐம்பது பேர். ஜீப்பைப் பார்த்ததும் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். “கெவுருமெண்டு வண்டிடா! திருப்பு, திருப்பு!” இரண்டு பேர் பின்பக்கத்தைப் பிடித்து உலுக்கினார்கள். பாட்டில் என் கையில் ஆடியது.

சிஸ்டர் கதவைத் திறந்து இறங்கினார். வெள்ளைப் புடவையில் முழங்கால் வரை ரத்தம். “உள்ள ஒரு பொம்பளைக்கி ரத்தம் போய்க்கினு இருக்கு. வந்து பாத்துக்குங்க. போலீஸ் இருந்தா என்ன வெட்டிப் போடுங்க” என்றார்.

ஒருவர் எட்டிப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். கூட்டம் சற்று அடங்கியது. அப்போதுதான் கையில் அரிவாளோடு என் அண்ணன் மரத்தைத் தாண்டி வந்தார். என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன்.

கோடுபோட்ட துண்டு கட்டிய ஓர் ஆள் சிஸ்டரிடம் கேட்டார். “நீ எந்த ஊரும்மா?”

“மணலூர்பேட்டப் பக்கம்.”

“ஊரா, காலனியா?”

சிஸ்டர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. “காலனிதான்.”

அந்த ஆள் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். “வுட்டா நேரா டேசனுக்குப் போயி, மரம் வெட்டுனவன் பேரெல்லாம் எழுதிக் குடுத்துடும். இதுங்க புத்தி தெரியாதா?”

என் அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இவர் என்னோடு வேலை செய்கிறவர், இவரை எனக்கு ஐந்து வருஷமாகத் தெரியும், நான் பொறுப்பு. இவ்வளவுதான். என் வாய் திறக்கவில்லை. ஊரார் முன்னால், அண்ணன் முன்னால், அந்தத் துண்டு கட்டிய ஆள் என்னையும் ஏதாவது சொல்லிவிடுவாரோ என்ற பயம். பாட்டிலை இன்னும் உயரமாகப் பிடித்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ அதுதான் என் வேலை என்பதுபோல.

சிஸ்டர் என் பக்கம் ஒருமுறைதான் திரும்பினார். “பேரு குடுப்பேன்னுதான பயம்? நான் போகல. இங்கியே உக்காந்துக்கறேன். இவங்க திரும்பி வர்ற வரைக்கும் வச்சிக்குங்க. அந்தப் பொண்ணு மட்டும் போகட்டும்” என்றார்.

அண்ணன்தான், “சரி, தூக்குங்கடா” என்றார்.

சிஸ்டர் ஜீப்புக்குள் குனிந்து, என் வலது கையை எடுத்துச் சின்னபொண்ணின் அடிவயிற்றில் வைத்து அழுத்தினார். “இங்க. தேச்சிக்கினே இரு. கல்லு மாதிரி இருக்கணும். மெத்துன்னு ஆச்சின்னா இன்னும் அழுத்தித் தேயி. ஆஸ்பத்திரி போற வரைக்கும் கைய எடுக்காத.”

வண்டியை உலுக்கிய அதே ஆட்கள் அவளை ஸ்ட்ரெச்சரோடு மரத்துக்கு மேல் தூக்கி, அந்தப்பக்கம் நின்ற டிராக்டர் பெட்டியில் வைத்தார்கள். அவள் கணவனும் நானும் ஏறிக்கொண்டோம், மாணிக்கம் ஜீப்போடு இந்தப்பக்கமே நின்றார். அண்ணன் கொடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றார். வழியில் இன்னும் இரண்டு இடங்களில் மறித்தார்கள். கொடியைப் பார்த்ததும் வழிவிட்டார்கள். “அந்தம்மாவ ஒண்ணியும் பண்ண மாட்டாங்கதான?” என்று நடுவழியில் கேட்டேன். அண்ணன் கொடியை இன்னும் உயர்த்திப் பிடித்தார். அப்போதும் அவரை மேலே கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பிழைத்துக்கொள்வாள் என்று கள்ளக்குறிச்சி மருத்துவமனையில் சொன்னபோது நடுப்பகல் கடந்திருந்தது. கணவனை அவளுக்குத் துணையாக விட்டுவிட்டு வெளியே வந்தால் ஊரே மாறியிருந்தது. வேறோர் இடத்தில் போலீஸ் சுட்டுவிட்டது. கடைகள் சாத்திக்கொண்டிருந்தார்கள். வேன் வேனாகப் போலீஸ். டிராக்டரை எடுக்க முடியாது. அண்ணனும் நானும் கரும்புக் காடுகளுக்குள் வரப்பு வரப்பாக நடந்தோம். சோகை இலை முகத்தைக் கிழித்தது. சுட்ட செய்தி எங்களுக்கு முன்னால் அந்த மரத்துக்குப் போயிருக்குமா என்பது ஒன்றே என் நினைப்பாக இருந்தது.

போயிருந்தது.

நாங்கள் இல்லாத நேரத்தில் நடந்ததைச் சிஸ்டர் பல வருஷங்களில், துண்டு துண்டாகத்தான் சொன்னார். அவரை மரத்தின் வேர்ப்பக்கம் உட்கார வைத்திருக்கிறார்கள். தண்ணீர் கேட்டிருக்கிறார். குடத்திலிருந்து கையில் ஊற்றியிருக்கிறார்கள். “தாகம். குடிச்சேன்” என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. ஒருவரிடம் டிரான்சிஸ்டர் இருந்தது. இந்திச் செய்தி வந்தபோது திருப்பப் போனவரை, “இருங்க, எனக்கு இந்தி தெரியும்” என்று தடுத்திருக்கிறார். டெல்லிக்காரன் நம்மைப் பற்றி என்ன சொல்கிறான் என்று எல்லோரும் சுற்றி நின்றார்கள். செய்தி முழுக்க முடிந்தது. “இன்னா சொன்னான்?” என்று துண்டு கட்டியவர் கேட்டார். பொய் சொல்லியிருக்கலாம். “உங்களப் பத்தி ஒண்ணும் சொல்லல. கடைசில கிரிக்கெட்டு. அந்த பம்பாய் ஆட்டக்காரரு ஓய்வு பெறப் போறாராம், அதப் பத்தி” என்றார்.

ரேடியோக்காரர் ஆத்திரத்தில் அதைத் தரையில் அடிக்கப் போனார். “நாங்க இங்க செத்துக்கினு கெடக்கறோம், கட்ட புடிச்சி ஆடறவன் பெருசா?” சிஸ்டர் எழுந்து நின்று, “அவர ஏங்க திட்டறீங்க? அவரா செய்தி வாசிச்சாரு?” என்றாராம். அவ்வளவு பயத்திலும் அது மட்டும் பொறுக்கவில்லை அவருக்கு. அதிலிருந்து பேச்சு நீண்டது. அவர் இன்னும் ஆடலாமா, போக வேண்டியதுதானா என்று அந்தக் கூட்டம் இரண்டாகப் பிரிந்து வாதாடியது. துண்டு கட்டியவர் சிஸ்டரின் கட்சி. பம்பாயில் அவர் ஆடுவதை மைதானத்துக்குப் போய்ப் பார்த்திருக்கிறேன் என்று சிஸ்டர் சொன்னதும் ஒருவர் கொஞ்சம் நகர்ந்து அவருக்கு நிழல் விட்டார்.

யாரோ, இந்திப் படக் கதை ஒன்று சொல் என்று கேலியாகக் கேட்டிருக்கிறார்கள். சாவு வீட்டுக்குள் நுழைந்த மாப்பிள்ளைக் கதையைச் சொன்னார். சிரித்தார்கள். கதை பாதியில் இருக்கும்போது சைக்கிளில் ஒருவர் வந்து, சுட்டுட்டாங்க, நம்ம பக்கத்து ஊர்ப் பையன் போயிட்டான் என்று கத்தினார். அதே மூச்சில், ஆற்றங்கரைப் பக்கம் ஒரு காலனியைக் கொளுத்திவிட்டார்கள் என்றும் சொன்னார். எந்தக் காலனி என்று அவருக்குத் தெரியவில்லை. சிஸ்டர் வாயை மூடிக்கொண்டார். கேட்கவும் முடியாது, அழவும் முடியாது.

அந்த நிலையில்தான் நாங்கள் கரும்பிலிருந்து வெளிப்பட்டோம். வெயில் சாய்ந்திருந்தது. ஐம்பது பேர் இருந்தும் ஒரு சத்தமில்லை. சிஸ்டர் இரண்டு கைகளையும் மடியில் வைத்து நேராக உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி யாரும் இல்லை. எல்லோரும் விலகி நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் வேகமாக நடந்துபோய், “அந்தப் பொண்ணு பொழச்சிக்கிச்சி. நாங்க வந்துட்டோம். அம்மா, நீங்க ஏறுங்க” என்றார். காலையில் அவர் சிஸ்டரை எதுவும் சொல்லி அழைக்கவில்லை. துண்டு கட்டியவர் வழியில் நின்றார். அண்ணனையும் சிஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நகர்ந்துகொண்டார். சிஸ்டர் எழுந்தார். கால் மரத்துப்போய் ஒருமுறை தடுமாறினார். பிடிக்க யாரும் கை நீட்டவில்லை. நானும் நீட்டவில்லை.

ஜீப் மலை ஏறத் தொடங்கியதும், “கைய எடுத்தியா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “நல்லது” என்றார். மூன்றாவது வளைவில்தான் அம்மாவைப் பற்றிச் சொல்லி அழத் தொடங்கினார். “சேதி வர்ற வரைக்கும் பேசிக்கினே இருந்தேன் தம்பி. நிறுத்துனா அழுதுடுவேன்னு பயம். அழுதா முடிஞ்சிச்சி.” எரிந்தது வேறு காலனி என்பதும், அவருடைய அம்மா மூன்று நாள் சோளக்கொல்லைக்குள் ஒளிந்திருந்து பிழைத்தார் என்பதும் ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அந்த ஒரு வாரமும் அவர் தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க்கொண்டுதான் இருந்தார்.

சில வாரம் கழித்து அவருடைய ஆட்டக்காரர் கடைசியாக ஆடினார். சுகாதார நிலையத் தண்ணீர்த் தொட்டி மேல் ரேடியோவை வைத்தால்தான் இரைச்சல் இல்லாமல் கேட்கும். அதற்குக் கீழே நின்றோம். வந்த வேகத்தில் ஆட்டமிழந்துவிட்டார். நான் சிஸ்டரின் முகத்தைப் பார்க்காமல் நின்றேன். அவர் ஏறி ரேடியோவை அணைத்தார். “எல்லாருக்கும் கடைசி ஆட்டம் நல்லா அமையுமா இன்னா? முன்ன ஆடுனது போதும்” என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வார்டுக்குள் போனார். அங்கே ஒரு பெண்ணுக்கு வலி கண்டிருந்தது.

சின்னபொண்ணு அடுத்த பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்னதாகவே நடந்து வந்து சுகாதார நிலையத்தில் படுத்துக்கொண்டாள். என் அண்ணன் ஒருமுறை காய்ச்சலென்று கரியாலூர் வரை வந்தார். வடக்கனந்தலிலேயே டாக்டர் இருக்க, காய்ச்சலுக்கு யாரும் மலையேற மாட்டார்கள். சிஸ்டர் ஊசி போட்டார். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். “ரெண்டு நாளைக்கி பச்சத்தண்ணி குடிக்காதீங்க” என்று சிஸ்டர் முந்திக்கொண்டார்.

நான் மன்னிப்புக் கேட்க இருபது வருஷமாயிற்று. அவர் ஓய்வு பெற்று மணலூர்பேட்டையில் வீடு கட்டியிருந்தார். பெண்ணையாற்றுப் பாலத்தின் மேல் நடந்துகொண்டிருந்தோம். அன்றைக்கு நான் பேசியிருக்க வேண்டும் சிஸ்டர் என்றேன். எந்த நாள் என்று அவர் கேட்கவில்லை.

“பேசியிருந்தா உன்னையும் எறக்கி வுட்டிருப்பாங்க. அப்பறம் அவ வயித்துல யாரு கைய வைக்கறது?” என்றார். எனக்கு ஆறுதலாக இருந்தது. இரண்டடி நடந்ததும் நின்றார். “அப்படி நெனச்சித்தான் நானும் மனச தேத்திக்கினேன். ஆனா வருத்தம் இருந்திச்சி தம்பி. அவங்க கேட்டது கூட இல்ல, நீ பாட்டில பாத்துக்கினு இருந்தியே, அது. இப்பவும் இருக்கு. இல்லன்னு சொன்னா பொய்யி.” பிறகு, வீட்டுக்கு வா, டீ போடுறேன் என்று முன்னால் நடந்தார்.

செவ்வாய்க்கிழமை அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். மலையிலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்கள் வந்து இறங்கினார்கள். ஒவ்வொருத்தியும் அவரிடம் பெற்ற ஏதோ ஒன்றைச் சொல்லி அழுதாள். பிள்ளை, உயிர், பாதியில் கேட்டு முடியாமல் போன ஒரு கதை. என்னிடம் இருப்பது அந்த வருத்தம். அவர் அதை மறைத்திருக்கலாம், மன்னித்துவிட்டேன் என்று சொல்லி என்னை விடுவித்திருக்கலாம். இரண்டையும் செய்யாமல், அதைக் கையில் கொடுத்துவிட்டு டீயும் போட்டுக் கொடுத்தார். இன்னும் அதை வைத்திருக்கிறேன்.